பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

2025-ஆம் ஆண்டு ஜூலை மாதம். புதிய மாணவர்கள் டில்லிக்கு வந்து சேர்ந்த முதல் வாரம். விடுதி மெஸ்ஸில் ராஜ்மாவோடு நான் சமாதானம் செய்துகொள்ள முயன்றுகொண்டிருந்தபோது, "அண்ணே, நீங்க தமிழ்ச் சங்கந்தானே?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து புள்ளியியல் படிக்க வந்திருக்கும் தம்பி ஒருவன் நின்றுகொண்டிருந்தான். அவன் கையில் பளபளப்பான துண்டு விளம்பரம் ஒன்று இருந்தது.

'ஐ7 கேமிங் கம்ப்யூட்டர்! 16 ஜி.பி. ராம்! 4 ஜி.பி. கிராபிக்ஸ் கார்டு! விலை 26,000 ரூபாய் மட்டும்!' என்று அதில் கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தார்கள். கீழே, தேர்த் திருவிழாவைப் போல ஊதாவும் பச்சையுமாக ஒளி வீசும் ஒரு கண்ணாடிப் பெட்டியின் படம்.

"நாளைக்கு நேரு பிளேஸ் போயி வாங்கிடலாம்னு இருக்கேன். நீங்களும் கூட வாரீங்களா அண்ணே?" என்றான்.

பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். அவனுடைய தாயார் சீட்டு எடுத்து அனுப்பிய 50,000 ரூபாய். படிப்பு முடியும்வரை கம்ப்யூட்டருக்கென்று வீட்டிலிருந்து வரக்கூடிய தொகை அவ்வளவுதான். இனி ஒரு சீட்டு விழ மூன்று வருஷம் ஆகும். "தம்பி, நாளைக்கு வேண்டாம், சனிக்கிழமை போவோம். அதற்குள் இந்தக் காகிதத்தை இரண்டு பேரும் சேர்ந்து ஒரு முறை நன்றாகப் படித்துவிடுவோம்" என்றேன். அந்த நாலு நாளில் நாங்கள் பேசியதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஒவ்வொரு ஜூலையிலும் இதே கேள்வி சங்கத்துக்கு வருகிறது; ஒரு தடவை அச்சில் ஏறிவிட்டால் என் தொண்டைக்குச் சிறிது ஓய்வு கிடைக்கும்.

முதலில் 'ஐ7' என்ற மந்திரத்தைப் பார்ப்போம். ஐ3, ஐ5, ஐ7 என்பவையெல்லாம் இன்டெல் கம்பெனி தன் பிராஸஸர்களுக்கு வைத்திருக்கும் வரிசைப் பெயர்கள். ஒரே வருஷத்தில் வந்தவற்றுக்குள் ஐ3-ஐவிட ஐ5 உயர்வு, ஐ5-ஐவிட ஐ7 உயர்வு. ஆனால் வருஷம் மாறினால் இந்தக் கணக்கு செல்லாது. வருஷத்தைச் சொல்வது அந்தப் பெயருக்குப் பின்னால் வரும் எண். விளம்பரத்தில் அந்த எண் இல்லை. கடைக்கு டெலிபோன் செய்து கேட்டோம். "ஐ7-2600" என்றார்கள். முதல் இலக்கமாகிய 2, அது இரண்டாம் தலைமுறை என்பதைக் காட்டுகிறது. அது வெளிவந்தது 2011-ஆம் ஆண்டு. தம்பி அப்பொழுது பால்வாடியில் இருந்திருப்பான்!

அதற்கு எதிரே ஐ3-12100 என்ற பிராஸஸரை வைத்துப் பாருங்கள். பன்னிரண்டாம் தலைமுறை, 2022-இல் வந்தது. இரண்டிலும் 4 கோர், 8 திரெட். அடிப்படை வேகம் பழைய ஐ7-க்கு 3.4 கிகாஹெர்ட்ஸ், புதிய ஐ3-க்கு 3.3. காகிதத்தில் பார்த்தால் கிழவன்தான் ஜெயிக்கிறான். ஆனால் ஒரு கோரை மட்டும் வேலை வாங்கி அளந்து பார்த்தால், ஐ3 ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் முடித்துவிடுகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் செய்யும் வேலை அந்தப் பதினோரு ஆண்டுகளில் அவ்வளவு கூடியிருக்கிறது. கிகாஹெர்ட்ஸை மட்டும் பார்ப்பது, ஒருவன் நிமிஷத்துக்கு எத்தனை அடி எடுத்து வைக்கிறான் என்று எண்ணிவிட்டு, ஒவ்வோர் அடியும் எவ்வளவு நீளம் என்பதைக் கேட்காமல் விடுவது போன்றது.

இன்னொரு சங்கடமும் உண்டு. விண்டோஸ் 10-க்கு மைக்ரோஸாஃப்ட் அளித்துவந்த ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11-க்கு ஏற்றவை என்று அவர்கள் வெளியிட்ட பட்டியலில் இன்டெல் பிராஸஸர்கள் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகின்றன. இரண்டாம் தலைமுறைக்கு அங்கே இடமில்லை. குறுக்கு வழியில் ஏற்றித் தரும் கடைக்காரர்கள் இருக்கிறார்கள். ஆனால் தம்பி ஆட ஆசைப்பட்டதோ 'வாலரண்ட்'. அந்த ஆட்டம் விண்டோஸ் 11-இல் ஓட டி.பி.எம். 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டையும் கேட்கும். 'கேமிங் கம்ப்யூட்டர்' வாங்கிய பிறகு அந்தக் கேம் திறக்கவே மறுத்தால், யாரிடம் போய் முறையிடுவது?

4 ஜி.பி. கிராபிக்ஸ் கார்டு என்றார்களே, அது ஜி.டி. 730. 2014-இல் வெளிவந்தது. கார்டில் 4 ஜி.பி. நினைவகம் இருப்பது மெய்தான். ஆனால் அந்த 4 ஜி.பி.யை நிரப்பிப் பயன்படுத்தும் சக்தி அந்தச் சில்லுக்குக் கிடையாது. சிறு ஓடைக்குக் கீழே பெரிய ஏரியை வெட்டி வைத்தால் ஏரி நிரம்பிவிடுமா? கிராபிக்ஸ் கார்டை ஜி.பி. கணக்கில் விற்கும் கடையில் மிக ஜாக்கிரதையாக இருக்கவேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

ஆக, விளம்பரத்தில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. சொல்லாமல் விட்டவற்றில்தான் 26,000 ரூபாயும் கரைந்துவிடும்.

"அப்ப பேசாம பெரிய கம்பெனிப் பெட்டியாவே வாங்கிடலாமாண்ணே?" என்று தம்பி கேட்டான். நியாயமான கேள்வி. இதற்குப் பதில் சொல்ல நான் என்னுடைய முட்டாள்தனத்தையே சாட்சிக்கு அழைக்க வேண்டியிருந்தது.

2021-இல் நான் ஒரு கம்பெனிப் பெட்டி வாங்கினேன். விலை 48,000 ரூபாய். ஐ5-10400 பிராஸஸர், 8 ஜி.பி. ராம், ஒரு டெராபைட் ஹார்டு டிஸ்க். பார்க்க ஒல்லியாக, அடக்கமாக, அலமாரியில் புத்தகம் போல நிற்கும். அந்த வருஷம் நாணயச் சுரங்கக்காரர்களும் சில்லுப் பஞ்சமும் சேர்ந்து கிராபிக்ஸ் கார்டு விலையை ஆகாயத்துக்கு ஏற்றிவிட்டிருந்த சமயம். இப்பொழுது பெட்டி, விலை இறங்கிய பிறகு கார்டு என்று திட்டம் போட்டேன். நல்ல திட்டம் என்றே இன்றும் நினைக்கிறேன். 2023-இல் விலை இறங்கியது. ஆர்.டி.எக்ஸ். 3050 கார்டு ஒன்றை வாங்கி வந்து, விடுதி நண்பர்கள் நாலு பேர் சூழ நிற்க, பெட்டியை முதல் முறையாகத் திறந்தேன்.

கார்டு உள்ளே நுழையவில்லை. ஒல்லிப் பெட்டிக்கு அரை உயரக் கார்டுதான் பொருந்துமாம். அது போகட்டும், வேறு பெட்டிக்கு மாற்றிவிடலாம் என்று பார்த்தால், எஸ்.எம்.பி.எஸ். 180 வாட். கார்டுக்கு மட்டும் 130 வாட் வேண்டும். அதற்கு மின்சாரம் கொடுக்கும் தனி இணைப்பும் அதில் இல்லை. சரி, பெரிய எஸ்.எம்.பி.எஸ். வாங்குவோம் என்றால், மதர்போர்டில் இருந்த மின் இணைப்பு அந்தக் கம்பெனியின் சொந்தத் தயாரிப்பு. கடையில் கிடைக்கும் சாதாரண 24 முனை பிளக் அதில் பொருந்தாது. மதர்போர்டை மாற்றலாமென்றால், அதன் திருகுத் துளைகளும் அந்தப் பெட்டிக்கு மட்டுமே அளவெடுத்தவை. ஒன்றை மாற்ற எல்லாவற்றையும் மாற்ற வேண்டும்! கார்டை மூன்றாயிரம் ரூபாய் நஷ்டத்துக்கு வேறொரு மாணவருக்கு விற்றேன்.

கம்பெனிப் பெட்டி மோசம் என்று இதற்கு அர்த்தமில்லை. கட்டுரை எழுத, கணக்குப் போட, படம் பார்க்க என்று மட்டும் வாங்குகிறவருக்கு அது உத்தமமான பொருள். சத்தமில்லை, மின்சாரம் குறைவு. பழுதானால் விடுதிக்கே ஆள் வந்து பார்க்கும் உத்தரவாதமும் பலவற்றோடு வருகிறது. இன்னும் குறைந்த செலவில் வேண்டுமானால், அலுவலகங்கள் கழித்துவிடும் பழைய கம்பெனிப் பெட்டிகளில் எட்டாம் தலைமுறை ஐ5-8500 கிடைக்கும். 2018-இல் வந்தது, 6 கோர், விண்டோஸ் 11 ஏறும். ஆய்வேடு எழுதுகிறவருக்கு அதில் ஒரு எஸ்.எஸ்.டி. சேர்த்தால் போதும். ஆனால் இன்றில்லாவிட்டாலும் நாளை ஒரு கிராபிக்ஸ் கார்டு போடுவோம் என்ற எண்ணம் மனத்தின் மூலையில் இருந்தால்கூட, வாங்குமுன் மூன்று கேள்வி கேட்டுவிட வேண்டும்: எஸ்.எம்.பி.எஸ். எத்தனை வாட், மின் பிளக் சாதாரணமானதா, முழு உயரக் கார்டு நுழையுமா?

தம்பிக்கு அந்த எண்ணம் மூலையில் அல்ல, நடுக்கூடத்திலேயே இருந்தது. ஆகவே கடைக்காரர்கள் தாங்களே பூட்டித் தயாராக அடுக்கி வைத்திருக்கும் பெட்டிதான் அவனுக்கு ஏற்றது என்று முடிவு செய்தோம். அதில் எல்லாம் பொதுவான அளவுள்ள உறுப்புகள். பின்னால் எதை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் இந்த வகையில்தான் கடைக்காரரின் கைவரிசைக்கும் இடம் அதிகம். எங்கே மிச்சம் பிடிப்பார் என்றால், யாரும் கேட்காத இடத்தில்.

யாரும் கேட்காத இடங்களில் முதலாவது எஸ்.எம்.பி.எஸ். சுவரிலிருந்து வரும் மின்சாரத்தை 12 வோல்ட், 5 வோல்ட், 3.3 வோல்ட் என்று மாற்றிக் கொடுக்கும் இரும்புப் பெட்டி அது. இன்றைய கம்ப்யூட்டரில் பிராஸஸரும் கிராபிக்ஸ் கார்டும், அதாவது பெருந்தீனிக்காரர்கள் இருவருமே, 12 வோல்ட் வழியில்தான் உண்கிறார்கள். ஆகவே மேலே பெரிதாக அச்சிட்ட வாட் கணக்கைப் பார்க்காமல், பக்கத்தில் ஒட்டியிருக்கும் அட்டவணையில் 12 வோல்ட்டுக்கு நேரே எத்தனை ஆம்பியர் என்று பார்க்க வேண்டும். நாங்கள் பார்த்த ஒன்றில் '450 வாட்' என்று கொட்டை எழுத்து. 12 வோல்ட்டுக்கு நேரே 15 ஆம்பியர். பன்னிரண்டைப் பதினைந்தால் பெருக்கினால் 180 வாட்! நான் 2021-இல் வாங்கிய அதே 180. அந்தக் கம்பெனியாவது உள்ளதை உள்ளபடி எழுதியிருந்தது.

மட்டமான எஸ்.எம்.பி.எஸ். இன்னொரு விதத்திலும் ஆபத்து. நல்லதில் மின்னழுத்தம் எகிறினாலோ ஷார்ட் ஆனாலோ தானே அணைந்துவிடும் காப்புச் சுற்றுகள் உண்டு. மட்டமானதில் அந்தச் செலவைக் குறைத்துவிடுவார்கள். அது சாகும்போது மதர்போர்டையும் உடன்கட்டை ஏற்றிக்கொண்டு போகலாம். '80 பிளஸ்' முத்திரை இருந்தால் நல்லதுதான். ஆனால் மின்சாரம் எவ்வளவு வீணாகாமல் மாறுகிறது என்பதை மட்டுமே அது சொல்லும், காப்புகளைப் பற்றி ஒன்றும் சொல்லாது. நான் நம்புவது உத்தரவாதக் காலத்தை. ஐந்து வருஷம் எழுதிக் கொடுக்கிற கம்பெனி, ஐந்து வருஷம் உழைக்கும் என்று கணக்குப் பார்த்துத்தான் எழுதியிருக்கும்.

இரண்டாவது இடம் ராம். 16 ஜி.பி. என்பது ஒரே குச்சியாகவும் இருக்கலாம், எட்டும் எட்டுமாக இரண்டு குச்சியாகவும் இருக்கலாம். பிராஸஸருக்கும் ராமுக்கும் நடுவே இரண்டு வாசல்கள் உண்டு. ஒரே குச்சி போட்டால் ஒரு வாசல் சும்மா பூட்டிக் கிடக்கும். டி.டி.ஆர்.4-3200 வகையில் ஒரு வாசல் வழியே விநாடிக்கு 25.6 ஜி.பி. போகலாம், இரண்டையும் திறந்தால் 51.2. தனி கிராபிக்ஸ் கார்டு உள்ளவருக்கு இதில் பெரிய நஷ்டம் இல்லை. ஆனால் தம்பி முதல் வருஷம் பிராஸஸருக்கு உள்ளேயே இருக்கும் கிராபிக்ஸை வைத்துத்தான் காலம் தள்ளப் போகிறான். அதற்குச் சொந்த நினைவகம் கிடையாது; ராமிலிருந்துதான் கடன் வாங்கும். அவனுக்கு இரண்டாவது வாசல் உயிர்நாடி.

ஹார்டு டிஸ்க்கா எஸ்.எஸ்.டி.யா என்று இன்னும் சிலர் கேட்கிறார்கள். நிமிஷத்துக்கு 7,200 சுற்று சுற்றும் ஹார்டு டிஸ்க், ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி விநாடி எடுக்கும். தேவையான இடம் முள்ளுக்கு நேரே வர சராசரி அதில் பாதி காத்திருக்க வேண்டும். விண்டோஸ் கிளம்புகையில் ஆயிரக்கணக்கான தடவை இப்படிக் காத்திருப்பதால்தான் பழைய பெட்டிகள் பொழுது விடிந்தது போல மெல்ல எழுகின்றன. எஸ்.எஸ்.டி.யில் சுற்றுவதற்கு ஒன்றுமில்லை. இதற்கு மேல் இந்த விஷயத்தில் பேசுவது வீண்.

சனிக்கிழமை நேரு பிளேஸுக்குப் போனோம். மெட்ரோவிலிருந்து இறங்கினதும் ஆளுக்கு ஆள் கையைப் பிடித்து இழுக்கும் அந்த இடத்தின் சுபாவத்தை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆறாவது கடையில் ஒரு பெட்டி எங்களுக்குப் பிடித்தது. ரைஸன் 5 5600ஜி பிராஸஸர், 16 ஜி.பி. ராம், 512 ஜி.பி. எஸ்.எஸ்.டி.; விலை 31,500. முன்னால் முழுக் கண்ணாடி, அதற்குப் பின்னால் ஒளிவிடும் விசிறிகள் நாலு. உறுப்புகளின் பட்டியலை எழுதித் தரும்படி கேட்டோம். எழுதினார். நாங்கள் நினைத்த இடத்திலேயே நினைத்தது இருந்தது: ராம் ஒரே குச்சி, எஸ்.எம்.பி.எஸ். பெயரில்லாத '450 வாட்'.

"ராமை இரண்டு எட்டாக மாற்றுங்கள். ஐந்து வருஷ உத்தரவாதமுள்ள 550 வாட் எஸ்.எம்.பி.எஸ். போடுங்கள். இந்தக் கண்ணாடிப் பெட்டி வேண்டாம், முன்னால் வலை போட்ட பெட்டியாகக் கொடுங்கள்" என்று என் உடைந்த ஹிந்தியில் சொன்னேன்.

கடைக்காரர் மூன்றாவதைக் கேட்டுத்தான் திடுக்கிட்டார். "பாயி சாஹிப், லைட் வேண்டாமா?" என்றார். டில்லியின் மே மாதத்தில் 45 டிகிரியில் கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் நாலு விசிறி சுற்றி என்ன பயன், காற்று உள்ளே வர வழி வேண்டாமா என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டுச் சொன்னார்: "நீங்கள் சொல்வது சரிதான். ஆனால் இங்கே வருகிற பையன்கள் ஐ7-ஆ என்று கேட்கிறார்கள், லைட் எத்தனை என்று கேட்கிறார்கள். எஸ்.எம்.பி.எஸ். என்னவென்று யாரும் கேட்பதில்லை. கேட்காததற்கு நான் பணம் போட்டால் பக்கத்துக் கடைக்காரன் ஆயிரம் ரூபாய் குறைத்து விற்றுவிடுவான்." அவர்மேல் எனக்கு இருந்த சந்தேகம் அப்பொழுது பாதியாகக் குறைந்துவிட்டது.

மாற்றங்களுக்குப் பிறகு விலை 33,200 ஆயிற்று. பில் இல்லாமல் எடுத்தால் குறைத்துத் தருவதாகச் சொன்னார். அதற்கு இணங்கவில்லை. கடையில் பூட்டிய பெட்டியில் ஒவ்வொரு உறுப்புக்கும் தனித்தனிக் கம்பெனி, தனித்தனி உத்தரவாதம். 18 சதவிகித ஜி.எஸ்.டி.யோடு, ஒவ்வொன்றின் வரிசை எண்ணும் எழுதிய பில் இல்லாவிட்டால் அத்தனை உத்தரவாதமும் வெறும் காகிதம். மானிட்டர், கீ போர்டு, மவுஸ், 600 வி.ஏ. யு.பி.எஸ். எல்லாம் சேர்த்து 44,600 ரூபாய். மீதி 5,400-ஐ வருங்காலக் கிராபிக்ஸ் கார்டுக்கென்று தம்பி ஒதுக்கி வைத்தான்.

இங்கே ஒரு விஷயம். 5600ஜி-யில் உள்ள 'ஜி' என்ற எழுத்து, நல்ல கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கிறது என்பதற்கு அடையாளம். அந்த ஜி.டி. 730-ஐவிட இது நன்றாக ஓடும், வாலரண்டுக்குத் தாராளம். ஆனால் அதற்கு இடம் கொடுக்க உள் நினைவகத்தைக் குறைத்திருக்கிறார்கள்: 'ஜி' இல்லாத 5600-இல் எல்3 கேஷ் 32 எம்.பி., இதில் 16. ஆகவே முதல் நாளே கிராபிக்ஸ் கார்டும் சேர்த்து வாங்குகிறவர் 'ஜி' இல்லாததையே வாங்க வேண்டும். இன்டெலில் 'எஃப்' என்று முடிந்தால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. கார்டு இல்லாமல் அதை வாங்கினால் திரையில் இருட்டுத்தான் தெரியும்.

கார்டோடு வாங்கும் பாக்கியசாலிகளுக்கும் ஒரு வார்த்தை. ஆர்.டி.எக்ஸ். 3050 என்ற ஒரே பெயரில் இரண்டு கார்டுகள் உலவுகின்றன. 2022-இல் வந்த 8 ஜி.பி. கார்டில் 2,560 கோர்கள், 128 பிட் பாதை. 2024-இல் வந்த 6 ஜி.பி. கார்டில் 2,304 கோர்கள், 96 பிட் பாதை. நினைவகம் மட்டும் குறைந்தது என்று எண்ணி வாங்குகிறவர் சக்தியையும் சேர்த்து இழக்கிறார். ஆனால் ஒன்று: 6 ஜி.பி. கார்டுக்கு 70 வாட் போதும். தனி மின் இணைப்பு இல்லாத கம்பெனிப் பெட்டிக்குள் இருப்பவருக்கு அதுவே வரப்பிரசாதம். அரை உயரத்திலும் அது கிடைக்கிறது. எனக்குத்தான் ஒரு வருஷம் பிந்தி வந்தது.

கார்டு போட்ட பிறகு மானிட்டர் கேபிளைக் கார்டின் பின்புறத்தில் செருக வேண்டும், மதர்போர்டில் அல்ல. சிரிக்காதீர்கள். எங்கள் விடுதியிலேயே ஒரு நண்பர் மூன்று மாதம் மதர்போர்டில் செருகி ஆடிவிட்டு, கார்டு போலி என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போனார். 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கினவர்களும் ஒரு முறை விண்டோஸ் அமைப்புக்குள் போய்ப் பாருங்கள். பலருடையது இன்னும் 60-இலேயே நின்றுகொண்டிருக்கும்.

2025 கடைசியில் ராம் விலை ஏறத் தொடங்கியது. செயற்கை நுண்ணறிவு நிலையங்கள் நினைவகச் சில்லுகளை மொத்தமாக அள்ளிக்கொண்டு போவதே காரணம். டிசம்பரில் மைக்ரான் கம்பெனி, பொதுமக்களுக்கு விற்றுவந்த 'குரூஷியல்' வியாபாரத்தையே நிறுத்துவதாக அறிவித்தது. அந்தச் செய்தியை எடுத்துக்கொண்டு தம்பி என் அறைக்கு ஓடிவந்தான். "அண்ணே, என் ரெண்டு குச்சியையும் இப்ப வித்தா லாபம் வரும் போலிருக்கே!" என்றான். விற்றுவிட்டு எதில் படிப்பான் என்று கேட்டேன். இப்படி விலை ஏறும் காலத்தில் தயார்ப் பெட்டிகளில் முதலில் இளைப்பது ராம்தான். 16 என்று எழுதிய இடத்தில் 8 வரும், இரண்டு குச்சி இருந்த இடத்தில் ஒன்று வரும். மதர்போர்டில் காலி இடம் ஒன்று இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, அதையே வாங்கி, விலை இறங்கும்போது மற்றொன்றைச் சேர்க்கலாம். டி.டி.ஆர்.4 இடத்தில் டி.டி.ஆர்.5 நுழையாது என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

என்னுடைய ஒல்லிப் பெட்டி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அதற்கு ஒரு எஸ்.எஸ்.டி.யும் இன்னொரு 8 ஜி.பி. குச்சியும் போட்டு, சங்க அறையில் கொண்டுவந்து வைத்திருக்கிறேன். இந்த இதழின் பக்கங்கள் எல்லாம் அதில்தான் தயாராகின்றன. பொங்கல் விழாக் கணக்கும் அதில்தான் இருக்கிறது. வாங்கப் போகிறவர்கள் யாராவது வந்தால், பின்புறத்துத் திருகு ஒன்றைக் கழற்றி மூடியைத் தூக்கிக் காட்டுகிறேன், எஸ்.எம்.பி.எஸ்.ஸும் பிளக்கும் எப்படி இருக்கும் என்பதைக் கண்ணாலேயே பார்த்துவிட்டுப் போகலாம். மாலை ஆறு மணிக்கு மேல் அறை திறந்திருக்கும். ஸ்குரூ டிரைவர் மேஜையின் இடது பக்கத்து டிராயரில் இருக்கிறது. எடுத்தவர்கள் திரும்ப வைத்துவிடவும்.